கடவுளின் பெயரில் காசு: ஜெர்மன் பேராயர்களும் தமிழ்க் கோயில்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போதே உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தித் தண்ணீர் சுண்டி உப்புப் பூத்ததும் மரப்பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். ஊருக்குள் பூமீசுவரர் கோயில், சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். வடக்கே கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் அங்கே நாணயம் அடித்தார்கள். உப்பளம், கோயில், அக்கசாலை மூன்றும் ஒரே கரையில், ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இருந்தும், மூன்றும் ஒரே கையில் சேர்ந்ததில்லை.

ஜெர்மனியில் சேர்ந்தன. இடைக்கால ஜெர்மனியில் ஒரு பேராயர் உப்பு ஊற்றுக்கும் சொந்தக்காரர், தேவாலயத்துக்கும் தலைவர், வெள்ளிக்காசு அடிக்கும் உரிமைக்கும் அதிபதி. காசில் அவருடைய உருவமே இருக்கும்: கையில் செங்கோலைப் போன்ற ஆயர் கோல், தலையில் கூம்பிய முடி. நம் கோயில்கள் செல்வத்தில் அந்தத் திருச்சபைக்குக் குறைந்தவை அல்ல. நிலம், பொன், கால்நடை, கடன் கொடுக்கல் வாங்கல், நூற்றுக்கணக்கான பணியாளர்கள் எல்லாம் இருந்தும், எந்தப் பெருங்கோயிலும் ஜெர்மன் பேராயரைப் போல நாணய அதிபதியாக எழவில்லை. ஏன் என்று கேட்டால், கோயில் என்ற அமைப்பைப் பற்றியே நாம் நினைத்து வந்ததில் சிலவற்றைத் திருத்திக்கொள்ள நேரிடும்.

முதலில் ஜெர்மன் செய்தி. நாணயம் அடிப்பது அரசனுக்கு மட்டுமே உரிய உரிமை என்பதுதான் பிராங்கிய அரசர்களின் கொள்கை. அதில் முதல் விரிசல் 833இல் விழுந்தது. பேரரசர் லூயி, வெசர் ஆற்றங்கரையில் இருந்த கோர்வை மடத்துக்கு நாணய உரிமை கொடுத்தார். பத்தாம் நூற்றாண்டில் சாக்சனிய அரசர்களான ஓட்டோக்கள் இதையே ஆட்சிமுறை ஆக்கினார்கள். 965இல் முதலாம் ஓட்டோ மாக்டெபுர்க் புனித மொரீசியஸ் மடத்துக்கும், 994இல் மூன்றாம் ஓட்டோ க்வெட்லின்புர்க் கன்னியர் மடத்துக்கும், 996இல் அதே அரசர் சால்ஸ்புர்க் பேராயர் ஹார்ட்விக்குக்கும் இந்த உரிமையை வழங்கினார்கள். பெரும்பாலும் சந்தை, சுங்கம், நாணயம் என்ற மூன்றும் ஒன்றாகவே போயின. சந்தை கூடும் இடத்தில் காசு புழங்கும், காசு புழங்கும் இடத்தில் சுங்கம் தண்டலாம் என்பதால் ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை.

ஓட்டோக்கள் இவ்வளவு தாராளமாக இருந்ததற்குப் பக்தி ஒரு காரணம்தான். அதைவிட வலுவானது அரசியல். ஒரு கோமகனுக்கு உரிமை கொடுத்தால் அது அவன் மகனுக்குப் போகும், மூன்றாம் தலைமுறையில் அரசனையே எதிர்க்கும். ஆயருக்கு வாரிசு இல்லை. அவர் இறந்ததும் அடுத்தவரை அமர்த்துவதில் அரசனுக்குப் பெரும் பங்கு உண்டு. முதலாம் ஓட்டோ தன் சொந்தத் தம்பி புரூனோவையே 953இல் கொலோன் பேராயராக்கினார். ஆக, திருச்சபைக்குக் கொடுத்தது அரசனின் கைக்கே திரும்பி வரும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு நூறாண்டுக்கு மேல் சரியாகவே நடந்தது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆயர்களை நியமிக்கும் அதிகாரம் போப்புக்கா பேரரசருக்கா என்ற பெரும் பூசல் வெடித்தபோது கணக்கு பொய்த்தது. கொடுத்த உரிமைகள் ஆயர்களிடமே தங்கிவிட்டன. 1220இல் இரண்டாம் பிரெடரிக், திருச்சபை இளவரசர்களின் நிலங்களில் அவர்கள் இசைவில்லாமல் புதிய அக்கசாலையோ சுங்கச் சாவடியோ வைக்கமாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? ஹார்ஸ் மலையில் கோஸ்லாருக்கு அருகே ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கம் பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெயர் பெற்றது. 1168இல் சாக்சனியில் பிரைபெர்க் பகுதியில் வெள்ளி கிடைத்தது. இந்த மலைகளைச் சுற்றியிருந்த மாக்டெபுர்க், ஹால்பர்ஸ்டாட், ஹில்டெஸ்ஹைம், க்வெட்லின்புர்க் போன்ற திருச்சபை ஆட்சிகளில்தான் அழகான வெள்ளிக்காசுகள் பிறந்தன. ‘பிராக்டியேட்’ என்று அறிஞர்கள் அழைக்கும் அந்தக் காசு ஒரு பக்கம் மட்டுமே அச்சுப் பதித்தது. தகடு அரசிலைச் சருகு போல மெலிந்திருக்கும், எடை ஒரு கிராமுக்கும் குறைவு. முன்பக்கத்தில் புடைத்து நிற்கும் உருவம் பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். க்வெட்லின்புர்க் காசுகளில் பெண் மடாதிபதி கையில் புத்தகமோ லில்லி மலரோ ஏந்தி அமர்ந்திருப்பார். இரண்டாம் பியாட்ரிக்ஸ், இரண்டாம் ஆக்னஸ் ஆகிய தலைவியர் தங்கள் பெயராலேயே காசு வெளியிட்டவர்கள். ஐரோப்பிய நாணய வரலாற்றில் பெண்கள், ஓர் அரசனின் மனைவியாகவோ தாயாகவோ இல்லாமல், தங்கள் பதவியின் பெயராலேயே நாணயம் வெளியிட்டது வெகு அபூர்வம். மாக்டெபுர்க் காசுகள் பலவற்றில் நிற்பவர் பேராயர் அல்லர், ஊரின் காவல் புனிதர் மொரீசியஸ். கேடயமும் கொடியும் ஏந்திய போர்வீரராக அவர் நிற்கிறார். அதே புனிதரை மாக்டெபுர்க் பேராலயத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவர் கறுப்பின வீரராகச் செதுக்கி வைத்திருக்கிறார்.

அழகுக்குப் பின்னால் ஒரு கடுமையான வரி இருந்தது. காசை அடிக்கடி செல்லாதாக்கிப் புதுக் காசு வாங்கச் சொல்வார்கள். நான்கு பழங்காசு கொடுத்தால் மூன்று புதுக்காசு கிடைக்கும் என்பது பரவலாக இருந்த விகிதம். கால் பங்கு நாணய அதிபதிக்கு. பேராயர் விக்மன் (1152–1192) காலத்து மாக்டெபுர்க்கில் ஆண்டுக்கு இருமுறை இப்படி மாற்றினார்கள். பழைய காசு அந்தச் சந்தையில் செல்லாது என்றால், சந்தைக்கு வரும் உழவனும் வணிகனும் மாற்றியே ஆக வேண்டும். நிலவரி தண்ட ஆள் தேவை, சண்டை தேவை. இதற்கு ஓர் அச்சுத் தச்சனும் ஒரு மேசையும் போதும். தகட்டை இவ்வளவு மெல்லியதாக அடித்ததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. ஆறு மாதம் மட்டும் வாழப்போகும் காசுக்கு நீண்டகால உறுதி எதற்கு? நகரத்தார் இதை எதிர்த்தார்கள். பெருந்தொகை கொடுத்து ‘நிலையான காசு’ என்ற உரிமையை வாங்கிக்கொண்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கான்ஸ்டன்ஸ் நகரம் இவ்வழியில் முன்னே சென்றது.

எல்லாப் பேராயர்களும் இப்படிச் செய்யவில்லை. கொலோன் பேராயர்களின் காசு நிலையான தரத்தால் புகழ்பெற்றது. ஒரு ‘மார்க்’ வெள்ளியில், அதாவது ஏறத்தாழ 233 கிராமில், 160 காசு அடித்தார்கள். அந்த எடையே நூற்றாண்டுகளுக்கு ஜெர்மனியின் பொது எடையானது. தொலைதூர வணிகர் வந்து போகும் ரைன் ஆற்றுத் துறையில் காசின் தரம் கெட்டால் சுங்கமும் கெடும். சந்தை உள்ளூர் அளவில் இருக்கும் இடத்தில் காசைப் பிழியலாம், வணிகம் கடல் கடந்து போகும் இடத்தில் பிழிய முடியாது. இந்த வேறுபாட்டைச் சோழ மண்டலக் கரைக்கு வரும்போதும் மறக்கக் கூடாது.

உப்பைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது. 961இல் முதலாம் ஓட்டோ கீபிஷென்ஸ்டைன் கோட்டையையும் அதனைச் சார்ந்த உப்பு ஊற்றுகளையும் மாக்டெபுர்க் மடத்துக்குக் கொடுத்தார். அந்த ஊற்றுகளைச் சுற்றி வளர்ந்த நகரம்தான் ஹாலே. கடலே இல்லாத ஊர் அது. நிலத்தடி உவர்நீரை இறைத்து, பெரிய தட்டுகளில் ஊற்றி, காட்டு மரத்தை எரித்துக் காய்ச்சுவார்கள். வெயிலை நம்பி நிற்கும் மரக்காணத்துப் பாத்திக்கும் அதற்கும் முறையில் எவ்வளவோ தூரம். சால்ஸ்புர்க் பேராயர்களும் ஹாலைன் உப்பைக் கொண்டே செழித்தார்கள். உப்பு விற்ற பணம் வெள்ளியாக வந்தது, வெள்ளி அவர்கள் அக்கசாலையில் காசானது, காசு சந்தைக்குப் போய்ச் சுங்கமாகத் திரும்பியது. சுழற்சியின் ஒவ்வொரு கண்ணியிலும் பேராயர் கை வைத்திருந்தார். அந்த ஹாலே நகரிலிருந்து கிளம்பிய லுத்தரன் அருட்பணியாளர் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி. அவர் வந்த காலத்தில் மாக்டெபுர்க் பேராயர்களின் ஆட்சி அங்கே முடிந்து போயிருந்தது. எஞ்சிய திருச்சபை அரசுகளின் நாணய உரிமை 1803இல் அரசுகளோடு சேர்ந்தே மறைந்தது.

இனி நம் பக்கம். மரக்காணம் சங்க இலக்கியம் சொல்லும் ஓய்மாநாட்டின் கடற்கரை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. உமணர்கள் உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு போய் நெல்லுக்கு மாற்றிய காட்சி சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. சோழர் காலத்தில் உப்பு அரசின் வருவாய்க் கணக்கில் இடம்பெற்றது. கல்வெட்டுகள் உப்பளத்தை அளம், பேரளம் என்றும் உப்பு மீதான வரியை உப்பாயம் என்றும் குறிக்கின்றன. அந்த வருவாயின் ஒரு பகுதியைக் கோயிலுக்கு விடுவது அரசனுக்கோ ஊர்ச்சபைக்கோ புதிதல்ல. ஆக உப்பு கோயிலுக்கு வந்தது. அதற்கு மேல்தான் வழி பிரிகிறது. உப்பு கோயிலில் விளக்காகவும் அமுதாகவும் மாறியதே தவிர, அக்கசாலைக்குப் போகவில்லை.

கோயில் பணத்தைப் பற்றி அதிகம் சொல்பவை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். அவற்றை ஒருமுறை பொறுமையாகப் படித்தவர்கள் முதலாம் இராஜராஜனின் கணக்கர்கள் மீது வியப்புக் கொள்ளாமல் இருக்க முடியாது. அரசனும் அரசியரும் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் கொடுத்த காசு, பொன், அணிகலன் ஒவ்வொன்றும் எடையோடு பதிவாகியிருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததாகவும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நாணயத்தில் இருப்பது அரசன்: ஒருபுறம் நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. இறைவன் பெயர் இருப்பது எடைக்கல்லிலும் மரக்காலிலும். கொலோனில் பேராயர் காசையும் எடையையும் ஒன்றாகப் பிடித்திருந்தார். தஞ்சையில் அரசன் காசை வைத்துக்கொண்டு அளவையை ஆடவல்லானிடம் விட்டான்.

அந்தக் காசுகளைக் கோயில் என்ன செய்தது? ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் வட்டியைக் காசாகத் தந்தன. சில ஊர்கள் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி நெல்லாகத் தந்தன. முதல் திரும்பி வராது. வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். நந்தா விளக்குக்கும் அப்படியே. விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை. இடையர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் ஈடுகட்டிக்கொண்டே போவதால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை மூப்பும் இல்லை என்று கல்வெட்டே சொல்கிறது.

இந்தப் பகுதியில் வரலாற்றாளர்கள் நெடுங்காலமாக உழைத்து வந்திருக்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரியார் கோயிலை ஊரின் வங்கியாகவும் வேலை தருபவராகவும் பார்த்தார். பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையில் திருப்பதியை எடுத்துக்கொண்டு, விஜயநகர காலத்தில் பக்தர் கொடுத்த பணத்தைக் கோயில் நீர்ப்பாசனத்தில் முதலிட்டு விளைச்சலில் பங்கு பெற்றதைக் காட்டினார். ஜார்ஜ் ஸ்பென்சர் தஞ்சைக் கடன்களை ஆராய்ந்து, அவை வட்டிக்காக மட்டும் கொடுத்தவை அல்ல, தொலைவில் இருந்த ஊர்களை அரசனின் கோயிலோடு கட்டிப்போட்ட கயிறுகள் என்றார். நாணயப் பக்கத்தில் 1886இல் வால்டர் எலியட்டின் நூலும், 1981இல் இரா. நாகசாமியின் தமிழ் நாணய நூலும் முக்கியமானவை. ஒரு குறை சொல்லியே தீர வேண்டும். கல்வெட்டு படித்தவர்கள் கோயிலின் கொடுக்கல் வாங்கலை எழுதினார்கள். நாணயம் சேர்த்தவர்கள் காசின் அச்சையும் எழுத்தையும் எழுதினார்கள். இருவரும் ஒருவர் மேசையை மற்றவர் எட்டிப் பார்த்தது குறைவு. கோயில் ஏன் காசு அடிக்கவில்லை என்ற கேள்வி இரண்டு மேசைக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

வெள்ளி இல்லாதது ஒரு விடையாகத் தோன்றும். தமிழகத்தில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. வெள்ளி கடல் வழியாகவே வந்தது. ஆனால் கோயில்களில் பொன் நிரம்பியிருந்தது. பொற்கொல்லர்களும் கோயிலைச் சுற்றியே வாழ்ந்தார்கள். காசு அடிக்க வேண்டிய பொருளும் கையும் இருந்தன. ஆகவே அந்த விடை போதாது.

இரண்டாவது விடை வலுவானது. காசு அடிக்க ஓர் ஆள் வேண்டும், முத்திரையில் பெயர் பொறிக்கத்தக்க ஓர் அதிபதி. கொலோனில் பேராயர் உயிரோடு அரியணையில் அமர்ந்திருந்தார். தமிழ்க் கோயிலில் சொத்தின் உரிமையாளர் இறைவன். சிவன் கோயில் நிலங்களை வாங்கி விற்ற ஆவணங்கள் ஆதிசண்டேசுவரர் பெயரால் நடந்தன. அந்தச் சண்டேசுவரரோ கருவறைக்குப் பக்கத்தில் கல்லாக அமர்ந்திருப்பவர். கோயில் நிர்வாகமும் ஒருவர் கையில் இல்லை. ஊரவை, சபை, நகரத்தார், அரசு அதிகாரி, பூசை முறைக்காரர் எனப் பலர் கூடி நடத்தினார்கள். பிற்காலத்தில் தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் போன்ற மடங்கள் பல ஊர் நிலங்களோடு ஒருவர் தலைமையில் எழுந்தன. அளவில் அவை ஜெர்மன் மடங்களுக்கு இணை சொல்லத்தக்கவை. ஆனாலும் படை, நீதி, சுங்கம், நாணயம் என்ற ஆட்சி உரிமைகள் அவற்றின் கைக்கு வரவில்லை. நாயக்கரும் மராட்டியரும் அவற்றுக்கு நிலம் கொடுத்தார்கள், முடி கொடுக்கவில்லை.

மூன்றாவது விடையைத்தான் நான் முதன்மையாக வைக்கிறேன். என்றென்றைக்குமாகக் கடன் கொடுப்பவரின் நலனும், நாணய அதிபதியின் நலனும் எதிரெதிர். மாக்டெபுர்க் பேராயருக்கு லாபம் காசு மாறுவதில் இருந்தது. தஞ்சைக் கோயிலுக்கு லாபம் காசு மாறாமல் இருப்பதில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு வட்டி வாங்கத் திட்டமிட்ட நிறுவனம் ஆறு மாதத்துக்கொரு முறை காசைச் செல்லாதாக்கினால் தன் விளக்கைத் தானே அணைத்துக்கொள்ளும். அதனால்தான் கல்வெட்டுகள் காசைக் குறிக்கும்போது இவ்வளவு எச்சரிக்கை காட்டுகின்றன: பழங்காசு என்றும், அன்றாடு நற்காசு என்றும், பொன் என்றால் இன்ன மாற்று, இன்ன கல்லால் இன்ன எடை என்றும். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் காசின் தரம் இறங்கியபோது இந்தச் சொற்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. கோயிலுக்கு அருகே இருந்த சபைகளும் இதே பாதுகாப்பைத் தேடின. மரக்காணத்திலிருந்து வடமேற்கே இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் வருகிறது. பொன்னின் மாற்றைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஊராருக்கு இருந்தது. அடிப்பவன் அரசன், சோதிப்பவர் ஊரார் என்ற இந்த ஏற்பாட்டில் கோயில் சோதிப்பவர் பக்கத்தில் நின்றது.

ஜெர்மனியிலும் இதற்குச் சான்று உண்டு. நாணய உரிமை இல்லாத மடங்கள் தங்கள் நிலையான வரவைத் தானியமாகவும் மெழுகாகவும் வாங்குவதை விரும்பின. அவர்களுடைய மெழுகு நம் ஆடுகள் செய்த வேலையைச் செய்தது. காசைப் பிழிந்த திருச்சபையும் காசை நம்பாத திருச்சபையும் ஒரே நாட்டில் அடுத்தடுத்து இருந்தன.

விதிவிலக்குப் போலத் தோன்றும் சில நாணயங்களைப் பார்த்துவிடலாம். கொற்கையில் அக்கசாலை ஈசுவரமுடையார் என்ற சிவன் கோயில் இருக்கிறது. பாண்டியரின் பழைய துறைமுகத்தில் அக்கசாலையும் கோயிலும் அடுத்தடுத்து இருந்ததைப் பெயர் காட்டுகிறது. அடித்தது பாண்டிய அரசுதான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் நந்தியும் பிறையும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். இராமேசுவரத்தின் காவலர் என்ற உரிமையை அவர்கள் அந்த ஒரு சொல்லால் நிலைநாட்டினார்கள். சந்திரகிரியில் ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரின் பொன் வராகனில் திருவேங்கடமுடையான் நிற்கிறார். அந்த அச்சைப் பின்பற்றித்தான் சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியார் தேவியர் இருவரோடு பெருமாள் நிற்கும் வராகனை அடித்தார்கள். பைபிள் படித்த கம்பெனி வணிகருக்கு அதில் தயக்கம் இல்லை. சந்தை ஏற்கும் முகம் எதுவோ அதைப் பொறித்தார்கள். கோவாவில் போர்த்துக்கீசியர் அடித்த பொற்காசில் மயிலாப்பூரோடு தொடர்புடைய புனித தோமா வருகிறார். அதுவும் அரசன் காசுதான், திருச்சபைக் காசு அன்று.

ஜெர்மன் காசுகளுக்கு மிக அருகில் வருவது புதுக்கோட்டை அம்மன் காசு. தொண்டைமான்கள் தங்களைத் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் அடியாராக வைத்துக்கொண்டவர்கள். பட்டப் பெயரிலேயே பிரகதாம்பாதாசர் என்பது உண்டு. சதாசிவப் பிரம்மேந்திரர் அருளால் இந்த வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கியதாக மரபு சொல்கிறது. காசு சிறிய செம்புத் துண்டு, விரல் நுனியில் அடங்கிவிடும். ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. அரசன் உருவம் எந்தப் பக்கத்திலும் கிடையாது. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் ஏழைகளுக்கு வழங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் நாணயம் எங்கும் பரவிய பிறகும் புதுக்கோட்டை இந்தக் காசை விட்டுக்கொடுக்கவில்லை. 1889 முதல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் அடித்து வரவழைத்தார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை அது தன் பெயரோடு இருந்தது. க்வெட்லின்புர்க் தலைவியின் காசையும் அம்மன் காசையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை கண்ணைப் பறிக்கும். இரண்டிலும் அமர்ந்த ஒரு பெண், இரண்டிலும் சமயத்தின் பெயர். ஆனால் க்வெட்லின்புர்க்கில் அந்தப் பெண் வரி வாங்கினாள், வழக்குத் தீர்த்தாள், காசை மாற்றச் சொன்னாள். புதுக்கோட்டையில் அம்மன் பெயரால் அரசன் ஆண்டான். அந்தக் காசைக் கொண்டு மக்களைப் பிழியவும் இல்லை, அது கொடையாகவே கைக்கு வந்தது. செம்புக் காசுதானே என்று நாணய நூல்கள் இரண்டு வரியில் இதைக் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரக்காணக் கரைக்கு நாணய உரிமை என்ற கேள்வி கடைசியில் வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில், கோயில் வழியாக அல்ல, ஆலம்பரை வழியாக. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தக் கோட்டை நவாபு தோஸ்த் அலி கான் காலத்தில் ஆர்க்காட்டு அரசின் துறையாக இருந்தது. உப்பு, நெய், சரிகைத் துணி அங்கிருந்து கப்பலேறின. ஐரோப்பியர் துணி வாங்கக் கொண்டு வந்தது வெள்ளி, பெரும்பாலும் ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளி. அந்த வெள்ளியை ரூபாயாக அடித்தால்தான் உள்நாட்டு நெசவாளரிடமும் தரகரிடமும் செல்லும். அடிக்கும் உரிமை நவாபிடம் இருந்தவரை ஒவ்வொரு ரூபாயிலும் அவருக்குக் கூலியும் லாபமும் போகும். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துமா 1736இல் தோஸ்த் அலி கானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். 1742இல் சென்னை ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றார்கள். புதுச்சேரியில் அடித்தாலும் சென்னையில் அடித்தாலும் காசில் இருந்தது முகலாயப் பேரரசர் பெயர், ஊர் ஆர்க்காடு. புதுச்சேரி ரூபாயை அடையாளம் காட்டியது ஒரு சிறு பிறைக்குறி மட்டுமே. ஓட்டோக்கள் ஆயர்களை நம்பிக் கொடுத்த உரிமையை நவாபு பணமுடைக்கு விற்றார் என்று சொல்லலாம். விளைவு இரண்டிலும் ஒன்றுதான்: கொடுத்தவர் தேய்ந்தார், பெற்றவர் வளர்ந்தார். 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் ஆலம்பரைக் கோட்டையையே புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் கைக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துத் தகர்த்தார்கள். 1835இல் கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் செய்ததும் ஆர்க்காட்டு ரூபாயின் வேலை முடிந்தது.

அந்தக் காலத்து வெள்ளி வாணிகத்திலும் மாக்டெபுர்க்கின் நோய் இருந்தது. அடித்த ஆண்டு பழையதாகப் பழையதாக ரூபாய்க்கு ‘வட்டம்’ பிடித்தார்கள் காசு மாற்றும் சராப்புகள். காசை அடித்தவருக்குப் பதில் அதை மாற்றியவருக்குப் போனது அந்தக் கழிவு. அவ்வளவுதான் வேறுபாடு.

இதே நூற்றாண்டில் பூமீசுவரர் கோயில் போன்ற கடற்கரைக் கோயில்கள் நிலத்தையும் நெல்லையும் வைத்துத் தங்கள் விளக்கைக் காத்துக்கொண்டிருந்தன. கோட்டைகள் கை மாறின, காசின் பெயர் மாறியது, படைகள் வந்து போயின. சோழர் காலத்துக் கணக்கர்கள் காசை நம்பாமல் அளவையை நம்பியது எவ்வளவு தொலைநோக்கு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. தொண்டை நாட்டுக் கடற்கரைக் கோயில்களின் கல்வெட்டுகளில் காசு, பொன், உப்பு, நெல் ஆகியவை எந்த நூற்றாண்டில் எந்த விகிதத்தில் வருகின்றன என்று ஒரே அட்டவணையில் தொகுக்க வேண்டும். காசின் தரம் இறங்கிய ஆண்டுகளில் கொடை காசிலிருந்து நெல்லுக்கோ ஆட்டுக்கோ சாய்கிறதா என்று பார்த்தால் மேலே சொன்ன மூன்றாவது விடை நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும். மற்றது அவசரமானது. 2004 ஆழிப்பேரலையில் ஆலம்பரைக் கோட்டை மேலும் சிதைந்தது. அக்கசாலை இருந்த இடத்தில் உலைக்கசடும், உருக்குக் குகைத் துண்டும், அடித்துக் கழித்த தகட்டு விளிம்பும் கிடைக்கக்கூடும். அவற்றை முறையாக அகழ்ந்தெடுத்தால் இந்தக் கரையில் வெள்ளி எந்தத் தரத்தில் காசானது என்பதை ஏட்டை விட்டுவிட்டு உலோகத்தைக் கொண்டே சொல்லலாம்.